கடன் கொடுத்தவர்களின் காவலர்: ஜே.பி. மார்கன்

1913 மார்ச் 31 அன்று ரோம் நகரத்து விடுதி ஒன்றில் ஜான் பியர்பாண்ட் மார்கன் இறந்தார். வயது 75. நியூயார்க்கில் அவருடைய இறுதிச் சடங்கு நடந்த நாளில் பங்குச் சந்தை நண்பகல் வரை மூடப்பட்டது. பின்னர் சொத்தைக் கணக்கிட்டபோது, கலைச் சேகரிப்பைச் சேர்க்காமல் சுமார் 6.8 கோடி டாலர் தேறியது. அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய தொகைதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மார்கனிடம் தன் எஃகுக் கம்பெனியை விற்றபோது ஆண்ட்ரூ கார்னகிக்குத் தன் பங்காக மட்டும் கிடைத்தது 22 கோடி டாலருக்கும் மேல். எண்ணெய் அதிபர் ராக்பெல்லரின் செல்வம் அதையும் தாண்டியது. இவர்களோடு ஒப்பிட்டால் மார்கன் நடுத்தரப் பணக்காரர். அப்படியிருந்தும் 1907-ல் நாட்டின் வங்கிகள் சரியத் தொடங்கியபோது நியூயார்க்கின் வங்கித் தலைவர்கள் அத்தனை பேரும் கூடியது அவருடைய வீட்டு நூலகத்தில். அமெரிக்க அரசின் கருவூலச் செயலரே அவரைக் கலந்துகொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைத்தார்.

கையில் இருந்த பணத்துக்கும் அதிகாரத்துக்கும் இடையே இருந்த இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால்தான் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியும். மார்கன் எதையும் கண்டுபிடித்தவர் அல்ல. தண்டவாளம் போட்டவரோ எண்ணெய்க் கிணறு தோண்டியவரோ அல்ல. சந்தையில் சூதாடி உயர்ந்தவர் என்றும் சொல்ல முடியாது. அடுத்தவர்களின் சேமிப்பை, குறிப்பாக லண்டனிலும் ஐரோப்பாவிலும் இருந்தவர்களின் சேமிப்பை, அமெரிக்கத் தொழில்களுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதும், போட்ட பணம் வட்டியோடு திரும்பி வரும்படி பார்த்துக்கொள்வதும்தான் அவர் வாழ்நாள் வேலை. ரயில்வேயில் தலையிட்டது, எஃகுக் கம்பெனிகளை ஒன்றாக்கியது, அரசுக்கே தங்கம் திரட்டிக் கொடுத்தது என்று அவர் செய்த எதை எடுத்துக்கொண்டாலும் அடியில் இருப்பது இந்த ஒரே கடமைதான். அவரைப் புகழ்வதற்கான காரணமும் குற்றம் சாட்டுவதற்கான காரணமும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

பின்னணி இதுதான். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் நிலம் இருந்தது, நிலக்கரி இருந்தது, குடியேறிகளின் உழைப்பு இருந்தது. மூலதனம் மட்டும் போதவில்லை. பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. தொழிற்புரட்சியில் சேர்ந்த பணம் நல்ல வட்டிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. அமெரிக்க ரயில்வே கம்பெனிகள் கடன் பத்திரங்களை வெளியிட்டன, லண்டன்காரர்கள் வாங்கினார்கள். பங்கு வாங்கியவர் கம்பெனியின் லாப நஷ்டத்தில் கூட்டாளி. பத்திரம் வாங்கியவர் கடன் கொடுத்தவர். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு வட்டி போய்ச் சேர வேண்டும். மூவாயிரம் மைலுக்கு அப்பால், தான் கண்ணால் பார்த்தேயிராத ஒரு ரயில் பாதைக்குக் கடன் கொடுத்தவர் எதை நம்பிக் கொடுப்பார்? பத்திரத்தை விற்ற வங்கியின் பெயரைத்தான். அந்தப் பெயர்தான் மார்கன் குடும்பத்தின் மூலதனம்.

அதை முதலில் சம்பாதித்தவர் தந்தை ஜூனியஸ் மார்கன். 1837-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பியர்பாண்ட் பிறந்தபோதே குடும்பம் வசதியானது. தாத்தா ஜோசப் மார்கன் ஏட்னா காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1854-ல் ஜூனியஸ் லண்டனுக்குப் போய், அங்கே அமெரிக்கப் பத்திரங்களை விற்று வந்த ஜார்ஜ் பீபாடியின் வங்கியில் கூட்டாளியானார். மகனைச் சுவிட்சர்லாந்தில் பள்ளிக்கும், ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். கணிதத்தில் பையன் கெட்டி. உடம்புதான் சரியில்லை, பதின்வயதில் மூட்டுவாதக் காய்ச்சலால் நடக்க முடியாமல் போய், அசோரஸ் தீவுகளில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கித் தேற வேண்டியிருந்தது.

1857-ல் அவர் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே பெரும் நிதிப் பீதி வந்தது. அமெரிக்கக் கடன்கள் வசூலாகாமல் பீபாடியின் வங்கி மூழ்கும் நிலைக்குப் போனது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து 8 லட்சம் பவுண்டு கடன் வசதி கொடுத்துக் காப்பாற்றியது. மார்கனின் பிற்கால வாழ்க்கைக்கு இந்தச் சம்பவம் திறவுகோல் என்று நான் நினைக்கிறேன். லண்டனில் ஒரு வங்கி தத்தளித்தால் ஓடிப் போய்க் கதவைத் தட்ட ஓர் இடம் இருந்தது. அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. நாட்டின் இரண்டாவது மத்திய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் மறுத்துவிட்டார். 1836-ல் அது காலாவதியானது. அதன் பிறகு 77 ஆண்டுகள் அமெரிக்கா மத்திய வங்கி இல்லாமலேயே தொழில்மயமானது. அந்தக் காலியிடத்தில்தான் மார்கன் வந்து உட்கார்ந்தார்.

இளமைக் கால மார்கனிடம் பிற்காலத்து நிதானத்தைக் காண முடியாது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வாங்க ஆளில்லாமல் நின்ற ஒரு கப்பல் காபிக்கொட்டையை, முதலாளிகளைக் கேட்காமலேயே அவர்கள் பணத்தில் வாங்கி, உள்ளூர் வியாபாரிகளிடம் லாபத்துக்கு விற்றார். லாபம் வந்தாலும் முதலாளிகள் அதிர்ந்துபோனார்கள். உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இன்னும் மோசமான ஒன்றில் பெயர் அடிபட்டது. அரசுக் கிடங்கில் கிடந்த 5,000 பழைய துப்பாக்கிகளைத் தலா மூன்றரை டாலருக்கு வாங்கி, குழலைச் சற்று மாற்றியமைத்து, அதே அரசின் படைக்கு 22 டாலருக்கு விற்ற பேரத்துக்கு அவர் 20,000 டாலர் கடன் கொடுத்திருந்தார். முழுச் சூழ்ச்சியும் அவருக்குத் தெரியுமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. படைக்குப் போகாமல் 300 டாலர் கொடுத்துத் தன் இடத்தில் வேறொருவரை அனுப்பியதில் சந்தேகம் இல்லை. வசதி படைத்த பலரும் சட்டப்படியே செய்தது அது.

அதே ஆண்டுகளில்தான் அவருடைய வாழ்வின் பெருந்துயரமும். காதலி அமீலியா ஸ்டர்ஜஸுக்குக் காசநோய் முற்றியிருந்தது. தெரிந்தே 1861 அக்டோபரில் அவரை மணந்துகொண்டார். வெயிலும் கடற்காற்றும் தேடி ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். நான்கே மாதத்தில், பிரான்சின் நீஸ் நகரில், அமீலியா இறந்தார். 1865-ல் பிரான்சிஸ் டிரேசியை மறுமணம் செய்து நான்கு குழந்தைகள் பிறந்தாலும், பிற்காலத்தில் கணவனும் மனைவியும் வருடத்தில் பாதி நாள் வெவ்வேறு கண்டங்களில்தான் இருந்தார்கள். மனச்சோர்வு அவரை அடிக்கடி ஆட்கொண்டது. ஒரு வருட வேலையை ஒன்பது மாதத்தில் செய்யலாம், பன்னிரண்டு மாதத்தில் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு நீண்ட விடுப்பில் கடல் கடந்து போய்விடுவார்.

1864-ல் பீபாடி ஓய்வு பெற, லண்டன் வங்கி ஜூனியஸின் பெயருக்கு மாறியது. 1871-ல் பிலடெல்பியாவின் டிரெக்சல் வங்கிக் குடும்பத்தோடு சேர்ந்து நியூயார்க்கில் டிரெக்சல், மார்கன் அண்டு கம்பெனியைத் தொடங்கினார் பியர்பாண்ட். லண்டனில் அப்பா பத்திரத்தை விற்பார். பணம் போன இடத்தை நியூயார்க்கில் மகன் கண்காணிப்பார். 1890-ல் மொனாக்கோ அருகே குதிரை வண்டி விபத்தில் ஜூனியஸ் இறக்கும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது. ஐம்பது வயதைத் தாண்டும் வரை அப்பாவின் பார்வையிலேயே வேலை செய்த மனிதர் அவர்.

ரயில்வேயில்தான் அவருடைய அணுகுமுறை உருவானது. அன்றைய அமெரிக்க ரயில்வே தொழிலில் மூலதனம் வீணானதற்குக் கணக்கில்லை. ஒரு கம்பெனியின் பாதை நல்ல லாபம் ஈட்டுகிறது என்று தெரிந்தால் பக்கத்திலேயே இணையாக இன்னொரு பாதை போட இன்னொருவர் வந்துவிடுவார். பலருக்கு ரயில் ஓட்டும் நோக்கமே கிடையாது. பாதை போடுவதாக மிரட்டினால் பழைய கம்பெனி நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கு. இரண்டு பாதைகளும் ஓடினால் கட்டணத்தைப் போட்டி போட்டுக் குறைப்பார்கள். கடைசியில் இருவராலும் வட்டி கட்ட முடியாது. பத்திரம் வாங்கியவர்கள் கையைப் பிசைவார்கள். மார்கன் போட்டியை வெறுத்தது இங்கே தொடங்குகிறது. போட்டி என்றால் விலை குறையும், நுகர்வோருக்கு நல்லது என்று நாம் நினைப்போம். கடன் கொடுத்தவரின் நாற்காலியில் இருந்து பார்த்தவருக்கு அது தன் ஆட்களின் பணத்தை எரிக்கும் நெருப்பாகத் தெரிந்தது.

1879-ல் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் 2.5 லட்சம் பங்குகளை அதன் பெரும் பங்குதாரர் வில்லியம் வாண்டர்பில்ட்டுக்காக, சந்தை விலை சரியாமல், லண்டனில் அமைதியாக விற்றுக் கொடுத்தார். கூலியோடு கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஓர் இடமும் கிடைத்தது. லண்டன் முதலீட்டாளர்கள் சார்பில் அங்கே உட்கார ஒருவர் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதானே. 1885 ஜூலையில் அந்த இடத்தை முழுமையாகப் பயன்படுத்தினார். நியூயார்க் சென்ட்ரலும் பென்சில்வேனியா ரயில்வேயும் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகுந்து இணைப் பாதைகள் போட்டுக்கொண்டிருந்த சமயம். இரு கம்பெனிகளின் தலைவர்களையும் தன் கோர்சேர் படகில் ஏற்றினார். ஹட்சன் ஆற்றில் மேலும் கீழுமாக நாள் முழுக்கப் படகு போனது. உடன்பாடு எட்டும் வரை இறங்க வழியில்லை. பென்சில்வேனியா தலைவர் ஜார்ஜ் ராபர்ட்ஸ் மாலையில்தான் இசைந்தார். தன் எல்லைக்குள் வந்த போட்டிப் பாதையை அந்தந்தக் கம்பெனியே எடுத்துக்கொள்வது என்று உடன்பாடு. பென்சில்வேனியாவில் பாதியில் கைவிடப்பட்ட போட்டிப் பாதையின் மலைச் சுரங்கங்களில் சில, 1940-ல் திறந்த பென்சில்வேனியா நெடுஞ்சாலைக்குப் பயன்பட்டன.

1893-ல் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நாட்டு ரயில் பாதையில் ஏறக்குறைய கால் பங்கு திவாலான கம்பெனிகளின் கையில் இருந்தது. மார்கன் அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சீரமைத்தார். முறை எளிமையானது, கடுமையானது. கம்பெனியின் வருமானம் மிக மோசமான ஆண்டிலும் எவ்வளவு வரும் என்று கணக்கிடுவார்கள். அந்தத் தொகைக்குள் வட்டிச் சுமை அடங்கும்படி பழைய பத்திரங்களுக்குப் பதிலாகக் குறைந்த வட்டிப் பத்திரங்கள் கொடுப்பார்கள். பங்குதாரர்கள் கூடுதல் பணம் கட்ட வேண்டும். பிறகு, பங்குகளின் வாக்குரிமை சில ஆண்டுகளுக்கு மார்கன் நியமித்த சிறு குழுவிடம் ஒப்படைக்கப்படும். நூற்றாண்டு முடிவில் அமெரிக்க ரயில் பாதையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அவருடைய செல்வாக்கின் கீழ் வந்துவிட்டது. சொந்தமாக அவர் வைத்திருந்த பங்குகளோ சொற்பம்.

இந்த வேலையின் உண்மையான மூளை சார்லஸ் கோஸ்டர் என்ற கூட்டாளி. வெளியுலகுக்கு அதிகம் தெரியாதவர். பாதைகளை நேரில் போய்ப் பார்த்து, கணக்குப் புத்தகங்களைத் தோண்டி, ஒவ்வொரு சீரமைப்புத் திட்டத்தையும் எழுதியவர் அவர்தான். ஒரே நேரத்தில் 59 கம்பெனிகளின் இயக்குநர். இரவுகளிலும் கோப்புகளோடுதான் வீட்டுக்குப் போவார். 1900-ல் நிமோனியா வந்து 47 வயதில் இறந்தார். வேலைப்பளுதான் கொன்றது என்று வால் ஸ்ட்ரீட்டில் பேசிக்கொண்டார்கள். மார்கனின் மற்றக் கூட்டாளிகள் சிலரும் இளம் வயதில் போனார்கள். மார்கன் என்ற பெயரைத் தாங்கிப் பிடித்த இந்த மனிதர்களைப் பற்றி வரலாறு இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தொழில்நுட்பத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. எடிசனின் மின்சார ஆய்வுக்கு முதல் போட்டவர்களில் மார்கன் நிறுவனமும் ஒன்று. 1882 செப்டம்பரில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது முதலில் ஒளிர்ந்த விளக்குகளில் மார்கன் அலுவலகத்தின் விளக்குகளும் இருந்தன. 1892-ல் எடிசன் கம்பெனியையும் அதன் போட்டிக் கம்பெனியையும் இணைத்து ஜெனரல் எலக்ட்ரிக் உருவானபோது பின்னணியில் இருந்ததும் அவரே. எடிசனின் பெயர் கம்பெனியின் பெயரில் இருந்து காணாமல் போனது.

அரசே அவர் வாசலுக்கு வந்தது 1895-ல். அமெரிக்கக் காகிதப் பணத்தைக் கொடுத்தால் கருவூலம் தங்கம் தர வேண்டும். அதற்கு 10 கோடி டாலர் தங்கக் கையிருப்பு போதும் என்று ஒரு மரபு. டாலரின் மீது நம்பிக்கை குறைந்த ஐரோப்பியர்கள் தங்கத்தை வெளியே எடுத்துக்கொண்டே போனார்கள். பிப்ரவரியில் மார்கன் வாஷிங்டனுக்கு வந்தார். அதிபர் குரோவர் கிளீவ்லாந்து முதலில் சந்திக்கவே தயங்கினார். தனியார் வங்கியாளரிடம் கையேந்துவது அரசியல் தற்கொலை என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை வெள்ளை மாளிகையில் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசித் தகவல் வந்தது: நியூயார்க் கருவூலக் கிளையில் மீதமிருந்த தங்க நாணயம் 90 லட்சம் டாலர் மட்டுமே. அதைவிடப் பெரிய தொகைக்கான கேட்பு ஒன்று எந்த நிமிடமும் வரலாம் என்று மார்கன் எச்சரித்தார்.

அவர் கொண்டுவந்த தீர்வு 1862-ம் ஆண்டின் போர்க்காலச் சட்டம் ஒன்று. அதன்படி நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே அரசு பத்திரம் கொடுத்துத் தங்க நாணயம் வாங்கலாம். மார்கனும் ஐரோப்பாவின் ராத்ஸ்சைல்டு வங்கிக் குடும்பமும் சேர்ந்து 35 லட்சம் அவுன்ஸ் தங்கம், அதாவது சுமார் 6.5 கோடி டாலர் மதிப்புக்குத் திரட்டினார்கள். பாதி ஐரோப்பாவில் இருந்து வர வேண்டும், ஒப்பந்த காலத்தில் தங்கம் வெளியேறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். உலகத் தங்கச் சந்தையின் ஓட்டத்தை ஒரு தனியார் குழு சில மாதங்கள் தடுத்து நிறுத்தியது. நூறு டாலர் முகமதிப்புள்ள பத்திரத்தை 104.5-க்கு வாங்கி 112-க்கு மேல் விற்றார்கள். எவ்வளவு லாபம் என்று செனட் விசாரணையில் கேட்டபோது மார்கன் சொல்ல மறுத்துவிட்டார்.

அவர் டாலரைக் காப்பாற்றினார் என்பது உண்மை. யாருக்காக என்று கேட்பதும் அவசியம். தங்கத்தோடு கட்டப்பட்ட டாலரில் கடன் கொடுத்தவருக்கு முதல் குறையாமல் திரும்ப வரும். ஆனால் 1870-களில் இருந்தே விளைபொருள் விலைகள் சரிந்துகொண்டிருந்தன. கான்சஸிலோ நெப்ராஸ்காவிலோ கடனில் நிலம் வாங்கிய விவசாயி அதே கடனை அடைக்க ஒவ்வோர் ஆண்டும் அதிக மூட்டைக் கோதுமையை விற்க வேண்டியிருந்தது. வெள்ளியையும் நாணயமாக்கிப் பணப்புழக்கத்தைக் கூட்டச் சொல்லி எழுந்த குரல், 1896 தேர்தலில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் பின்னால் திரண்டது. மனித குலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று அவர் சிகாகோவில் முழங்கினார். தோற்றார். மார்கனின் பணம் எதிரணி வேட்பாளர் மெக்கின்லிக்குப் போனது.

பிறகு எஃகு. 1900 டிசம்பரில் ஒரு விருந்தில் கார்னகியின் வலது கை சார்லஸ் ஷ்வாப், எஃகுத் தொழிலை ஒன்றிணைத்தால் செலவு எவ்வளவு குறையும் என்று பேசினார். பக்கத்தில் இருந்த மார்கன் கவனமாகக் கேட்டார். சில வாரங்களில் கார்னகி ஒரு தாளில் விலையை எழுதி அனுப்பினார்: 48 கோடி டாலர். மார்கன் பேரம் பேசவில்லை. 1901-ல் பிறந்த யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் 140 கோடி டாலர் மூலதனம் கொண்டது. நூறு கோடியைத் தாண்டிய உலகின் முதல் கம்பெனி. நாட்டின் எஃகில் மூன்றில் இரண்டு பங்கு அதன் கையில். 1911-ல் அரசு ஆய்வு செய்தபோது தொடக்கத்தில் அதன் உண்மையான சொத்து மதிப்பு 70 கோடி டாலரைக்கூட எட்டவில்லை என்று தெரிந்தது. மீதி, எதிர்கால லாபத்தின் மீது எழுதிய காகிதம். பங்குகளை விற்றுக் கொடுத்த வங்கிக் குழுவுக்குக் கிடைத்த லாபம் மட்டும் சுமார் 6 கோடி டாலர்.

அந்தக் காகிதத்துக்கு ஈவுத்தொகை கொடுக்க வேண்டுமே. சுமார் 1.68 லட்சம் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். உலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலை. பகல் முறையும் இரவு முறையும் மாறும் வாரத்தில் ஒரே மூச்சில் 24 மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. 1901 கோடையிலேயே தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்து தோற்றது. மார்கன் தொழிலாளர்கள் மீது தனிப்பட்ட வெறுப்பு கொண்டவர் என்று சொல்ல ஆதாரம் இல்லை; 1902 நிலக்கரி வேலைநிறுத்தத்தில் சுரங்க முதலாளிகளைச் சமரசத்துக்கு இணங்க வைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் உலை முன் நின்றவர்கள் அவருடைய கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கத்தில் மட்டுமே இடம்பெற்றார்கள். யாருக்குத் தான் பொறுப்பு என்ற அவருடைய வரையறைக்குள் அவர்கள் வரவேயில்லை. அவர் மீதான என் மிகப் பெரிய குற்றச்சாட்டு இதுதான்.

அரசு எதிர்த்துக்கொண்டது 1902-ல். வடமேற்கு ரயில்வேக்களை ஒன்றாக்கி மார்கன் உருவாக்கிய நார்தர்ன் செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் மீது தியோடர் ரூஸ்வெல்ட் அரசு வழக்குப் போட்டது. மார்கன் வெள்ளை மாளிகைக்கு நேரில் போனார். தவறு ஏதேனும் இருந்தால் உங்கள் ஆளை என் ஆளிடம் அனுப்புங்கள், சரிசெய்துகொள்வோம் என்றார். அரசை ஒரு சமமான வணிக எதிராளியாகவே அவர் பார்த்தார் என்பதை ரூஸ்வெல்ட் அப்போதே குறித்துக்கொண்டார். 1904-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுவனத்தைக் கலைக்கச் சொன்னது.

மூன்று ஆண்டுகளில் அதே அரசுக்கு அவர் தேவைப்பட்டார். 1907 அக்டோபரில் ஒரு செப்புக் கம்பெனியின் பங்குகளை வளைத்துப் போட நடந்த முயற்சி தோற்றது. அதில் சம்பந்தப்பட்டவர்களோடு தொடர்புடைய வங்கிகளில் மக்கள் பணத்தை எடுக்கத் திரண்டார்கள். அக்டோபர் 22 அன்று நிக்கர்பாக்கர் டிரஸ்ட் கம்பெனி மூன்று மணி நேரத்தில் 80 லட்சம் டாலர் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் கதவை மூடியது. இந்த டிரஸ்ட் கம்பெனிகள் வங்கி போலவே வைப்புத்தொகை வாங்கின; ஆனால் வங்கிகள் அளவுக்குக் கையிருப்பு வைக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. பீதி வந்தால் முதலில் விழக்கூடியவை அவைதான். இன்று இந்தியாவில் இப்படி ஒன்று நடந்தால் எல்லோரும் ரிசர்வ் வங்கியைப் பார்ப்பார்கள். அன்று அமெரிக்காவில் பார்க்க இருந்தது, சளியோடு திருச்சபை மாநாட்டில் இருந்து திரும்பி வந்த எழுபது வயது முதியவர் ஒருவரை.

அவர் செய்தது, ஒரு மத்திய வங்கி செய்ய வேண்டியதை அப்படியே. முதலில் யாரைக் காப்பாற்றலாம், யாரைக் கைவிட வேண்டும் என்று பிரித்தார். நிக்கர்பாக்கரைக் கைவிட்டார், அதன் தலைவர் சார்லஸ் பார்னி அடுத்த மாதம் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அடுத்து டிரஸ்ட் கம்பெனி ஆஃப் அமெரிக்காவின் முன்னால் கூட்டம் சேர்ந்தது. பெஞ்சமின் ஸ்டிராங் என்ற இளம் வங்கியாளர் இரவெல்லாம் அதன் கணக்கைப் பார்த்துவிட்டு, சொத்து கடனுக்கு ஈடாக இருக்கிறது, கையில் ரொக்கம்தான் இல்லை என்றார். அப்படியானால் தொல்லையை நிறுத்த வேண்டிய இடம் இதுதான் என்றார் மார்கன். சொத்து இருந்தும் ரொக்கம் இல்லாதவனுக்குக் கடன் கொடு, சொத்தே இல்லாதவனை விட்டுவிடு என்ற விதி, இன்றும் மத்திய வங்கிகள் பாடமாகப் படிப்பது. ஒரே இரவில், ஓர் இளைஞரின் வாய்மொழியை நம்பி, தனி மனிதர் ஒருவர் அதைத் தீர்மானித்தார்.

அக்டோபர் 24 பிற்பகலில் பங்குச் சந்தைத் தலைவர் ஓடி வந்தார்: கடன் கொடுக்க ஆளில்லை, சந்தையை மூட வேண்டியதுதான். ஒரு நிமிடம்கூட முன்கூட்டி மூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, வங்கித் தலைவர்களை அழைத்துக் கால் மணி நேரத்துக்குள் இரண்டரைக் கோடி டாலருக்கு அருகில் திரட்டினார். அடுத்து நியூயார்க் மாநகராட்சிக்கே சம்பளம் கொடுக்கப் பணமில்லை. அதற்கும் 3 கோடி. ஞாயிற்றுக்கிழமை ஆலயங்களில் மக்களை அமைதிப்படுத்தும்படி போதகர்களுக்குச் சொல்லி அனுப்பப்பட்டது.

நவம்பர் 2 சனிக்கிழமை இரவு, டிரஸ்ட் கம்பெனிகளின் தலைவர்களைத் தன் நூலகத்தில் கூட்டினார். தங்களில் நலிந்தவர்களைக் காப்பாற்ற அவர்களே 2.5 கோடி டாலர் போட வேண்டும் என்றார். அவர்கள் தயங்கினார்கள். மார்கன் பக்கத்து அறையில் தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். கிளம்ப முயன்றவர்களுக்குத்தான் கதவு பூட்டியிருப்பதும் சாவி மார்கனின் பையில் இருப்பதும் தெரிந்தது. விடியற்காலை ஐந்து மணியை நெருங்கும்போது, இதோ இடம், இதோ பேனா என்று எட்வர்ட் கிங் என்பவரின் கையில் கொடுத்தார். அவர் கையெழுத்திட, மற்றவர்களும் வரிசையாக இட்டார்கள்.

அந்த வார இறுதியிலேயே இன்னொன்றும் நடந்தது. மூழ்கிக்கொண்டிருந்த ஒரு தரகு நிறுவனம் தன் கடன்களுக்கு அடமானம் வைத்திருந்த டென்னசி கோல் அண்டு அயர்ன் கம்பெனியின் பங்குகளை, யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் வாங்கிக்கொண்டது. ஏகபோக வழக்கு வராது என்று ரூஸ்வெல்ட்டிடம் உறுதி பெற, இரவு ரயிலில் இருவர் வாஷிங்டன் போனார்கள். திங்கள் காலை சந்தை திறக்கும் முன் சம்மதம் வந்தது. நாட்டைக் காப்பாற்றிய அதே கையால் தன் கம்பெனிக்குப் போட்டியான ஒன்றையும் மலிவாகச் சேர்த்துக்கொண்டார் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. காப்பாற்றியதும் உண்மை, லாபமடைந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே ஆளிடம் விட்டு வைத்ததுதான் கோளாறு.

அந்த நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம் கட்டியது. பளிங்குக் கற்கள் சாந்து தேவைப்படாத அளவுக்கு நெருக்கமாகப் பொருத்தப்பட்டவை. உள்ளே குட்டன்பர்க் விவிலியங்கள், இடைக்கால ஓவியச் சுவடிகள். அதை ஆண்டவர் பெல் டா கோஸ்டா கிரீன் என்ற நூலகர். 1905-ல் வேலைக்குச் சேர்ந்தவர், சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய ஏலங்களில் மார்கன் சார்பாக அஞ்சாமல் விலை கேட்கும் நிலைக்கு உயர்ந்தார். ஹார்வர்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ரிச்சர்ட் கிரீனரின் மகள் அவர். நிறவெறி மிகுந்த அந்த நாட்டில் அதை மறைத்து, வெள்ளையராகவே வாழ்ந்தார். மார்கன் வாங்கிக் குவித்த பொருள்களில் திருட்டுச் சரக்கும் கலந்துவிட்டதுண்டு: இத்தாலியின் ஆஸ்கோலி பேராலயத்தில் களவுபோன ஓர் இடைக்கால அங்கி என்று தெரிந்ததும் 1904-ல் அதைத் திருப்பிக் கொடுத்தார். தோல் நோயால் வீங்கிச் சிவந்த மூக்கை எண்ணி நிழற்படத்துக்கு அஞ்சிய மனிதர், அழகிய பொருள்களோடு தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார்.

1907 மக்களிடம் நன்றியோடு அச்சத்தையும் விட்டுச் சென்றது. ஒரு முதியவரின் சட்டைப் பையில் இருந்த சாவிதான் நாட்டின் நிதி ஒழுங்கு என்றால், அவருக்குப் பின் என்ன? அவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்திருந்தால்? 1912 டிசம்பரில், நிதி அதிகாரம் சிலர் கையில் குவிவதை ஆராய்ந்த நாடாளுமன்றத்தின் பூஜோ குழு அவரை விசாரணைக்கு அழைத்தது. மார்கன் நிறுவனமும் அதன் நெருங்கிய வங்கிகளும் சேர்ந்து 112 நிறுவனங்களில் 341 இயக்குநர் இடங்களை வைத்திருந்ததாகவும், அவற்றின் மொத்த வளம் 2,200 கோடி டாலருக்கு மேல் என்றும் குழு கணக்கிட்டது. வழக்கறிஞர் சாமுவேல் அன்டர்மையர் கேட்டார்: கடன் என்பது பணத்தையும் சொத்தையும் பார்த்துத்தானே கொடுக்கப்படுகிறது? இல்லை, முதலில் குணம் என்றார் மார்கன். பணத்துக்கும் முன்பா என்று கேட்டபோது, பணத்துக்கும் மற்ற எதற்கும் முன்பு, பணத்தால் அதை வாங்க முடியாது என்று பதில் வந்தது. நான் நம்பாத ஒருவர் உலகத்துப் பத்திரங்களையெல்லாம் ஈடு வைத்தாலும் என்னிடம் பணம் வாங்க முடியாது என்றும் சொன்னார்.

இந்தப் பதிலைப் பலர் பெருந்தன்மையின் சான்றாக மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் மனதறிந்து சொன்னார் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் யாருடைய குணத்தை அவரால் அறிய முடியும்? தன் மன்றத்தில் உணவருந்துபவர், தன் ஆலயத்தில் வழிபடுபவர், தன்னோடு படகில் வருபவர். டெக்சாஸ் பருத்தி விவசாயியோ, பிட்ஸ்பர்க்கில் உலை தள்ளிய ஸ்லோவாக்கியரோ எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அந்தத் தேர்வுக்குள் நுழையவே வழியில்லை.

விசாரணைக்குப் பிறகு அவர் எகிப்துக்குப் பயணம் போனார். அங்கே உடல்நிலை சீர்குலைந்து, ரோம் வரை வந்து முடிந்தது. அதே 1913-ம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவுக்கு மீண்டும் ஒரு மத்திய வங்கியைக் கொடுத்த பெடரல் ரிசர்வ் சட்டம் கையெழுத்தானது. அதன் விதை, 1910 நவம்பரில் ஜெகில் தீவில் செனட்டர் ஆல்டிரிச்சும் ஒருசில வங்கியாளர்களும் ரகசியமாகக் கூடித் தீட்டிய வரைவு. மார்கனின் கூட்டாளி ஹென்றி டேவிசனும் அங்கே இருந்தார். புதிய அமைப்பின் நியூயார்க் கிளைக்கு முதல் தலைவரானவர், 1907-ல் இரவெல்லாம் கணக்குப் பார்த்த அதே பெஞ்சமின் ஸ்டிராங். வைப்பு வங்கித் தொழிலையும் பத்திர விற்பனையையும் பிரிக்கச் சொன்ன 1933-ம் ஆண்டுச் சட்டத்தால் மார்கன் நிறுவனமே இரண்டானது; பத்திரத் தொழிலுக்கு 1935-ல் மார்கன் ஸ்டான்லி தனியாகப் பிறந்தது.

ஆக, கடன் கொடுத்தவர்களைக் காக்கும் வேலை அவர் இறந்த ஆண்டிலேயே அரசின் கைக்கு மாறிவிட்டது. எஃகு உலைகளில் 12 மணி நேர வேலை முடிவுக்கு வர 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் தன் தொழிலாளர்களின் சங்கத்தை அங்கீகரித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1937 மார்ச்சில்.